சுடாத பாதங்கள்

பெங்களூர்,
21.2.1999

அண்ணா,

இல்லை, டாக்டர் ரகுராமுக்கு என்னைத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. நாலு வருடத்துக்கு முன் அப்பாவை அவரிடம் கூட்டிப்போனது நீ. நான் மைசூர் ஹாஸ்டலில் இருந்தேன். என் வேலை விண்ணப்பத்தில் ஆர். சிந்து, எம்.எஸ்ஸி. என்றுதான் இருந்தது. அந்த 'ஆர்' யார் என்று அவர் கேட்கவில்லை. ரங்கநாதன் என்று நானும் சொல்லவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும். இங்கே மூவரும் அப்படியே. அப்பா காலையில் ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாகப் பால் பூத் வரை போய் வருகிறார். வலது காலில் மிச்சமிருக்கும் மூன்று விரல்களை அம்மா தினமும் விளக்கு வைத்துப் பார்க்கிறாள்.

வேலை இதுதான். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வலிக்காது. வலிக்காததால் யாருக்கும் தெரியாது. நரம்பு கெடும்போது ரத்தத்தில் ஏதாவது கசிகிறதா, கால் மரத்துப்போகும் முன்பே அதை வைத்துச் சொல்லிவிட முடியுமா என்று டாக்டர் ரகுராம் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு புரதத்தின் மேல் அவருக்குச் சந்தேகம். 95இல் தொடங்கிய ஆராய்ச்சி. முந்நூற்றுச் சொச்சம் பேரின் ரத்தம் மைனஸ் எழுபது டிகிரியில் உறைந்து கிடக்கிறது. அப்பாவுடையதும் அதில் உண்டு. எது என்று தெரியாது. குழாயின் மேல் எண் மட்டும். எந்த எண் யார் என்பது பழைய ரிஜிஸ்டரில். ரிஜிஸ்டர் மௌரீன் அக்காவின் பீரோவில். லிங்கராஜபுரத்திலிருந்து வருகிறவர், லேபில் எல்லோருக்கும் மூத்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ரத்தத்துக்குப் பேரு கெடயாதும்மா. பேரு என் பீரோல தூங்குது. அளந்து முடிச்சு சீல் வெச்சப்பறம்தான் எழுப்புவோம்."

காலையில் நோயாளிகள் வருகிறார்கள். டாக்டர் தரையில் மண்டி போட்டு அவர்கள் செருப்பைத் தானே கழற்றுகிறார். பார்க்க நல்ல காட்சி. இந்தக் கைதான் அப்பாவின் காலையும் தொட்டது. தொட்டுவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பியது.

எதற்காக இங்கே சேர்ந்தேன் என்பது உனக்கு மட்டும் தெரியும்.

வெயிலில் நிற்காதே. மாத்திரையை விடாதே.

சிந்து


மஸ்கட்,
9.3.1999

அன்புத் தங்கை சிந்துவுக்கு அண்ணன் சந்திரன் எழுதியது. இங்கு நான் சுகம். அங்கு அப்பா, அம்மா, நீ எல்லோரும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

பாப்பா, உன் கடிதம் படித்து எனக்கு ரத்தம் கொதித்தது. விடாதே அந்த ஆளை. படித்தவன் என்ற திமிர். நம்மைப்போல ஆளுங்க கால் போனால் அவனுக்கு என்ன. உன்னால் முடிந்ததைச் செய். அவன் இத்தனை வருடம் சேர்த்தது எல்லாம் நாசமாகப் போகணும்.

எனக்கு அந்த ஆடி வெள்ளி இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்பா மஞ்சள் வேட்டியோடு தீக்குழியில் இறங்கினார். மற்றவர்கள் ஓடினார்கள். இவர் நடந்தார். ஏறி வந்ததும், "சுடவே இல்லடா சந்திரா, ஆத்தா பூவா விரிச்சு வெச்சிருந்தா"ன்னு சொன்னார். தெருவே அவர் காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். மறுநாள் காலையில் போர்வையோடு உள்ளங்கால் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு விசா வரணும் என்று வேண்டிக்கொண்டு மிதித்த தீ. அதை நினைத்தால் சோறு இறங்குவது இல்லை.

ஏ.சி. வேலை இனி கூடும். வெயில் ஆரம்பித்துவிட்டது. போன வருடம் வந்த சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஊருக்கு வரும் ஆளிடம் டாங் பவுடரும் கோடாலித் தைலமும் கொடுத்திருக்கிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்பு அண்ணன்
சந்திரன்


பெங்களூர்,
16.5.1999

அண்ணா,

நலம்தானே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. தைலம் வந்து சேர்ந்தது. அப்பா அதை இல்லாத காலுக்குத் தேய்க்கக் கேட்கிறார். அந்த இடத்தில் அரிக்கிறதாம்.

வியாழக்கிழமை மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஃப்ரீசரைத் திறந்தேன். ஒரு ரேக்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். இருபத்து நாலு குழாய்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பு நீக்கிய ரத்தநீர். பக்கத்தில் உட்கார்ந்து என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். வெள்ளையாக இருந்தது மெல்ல மஞ்சளானது. உருகி, தெளிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் உள்ளே வைத்தேன். வெளியே பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. உள்ளே அந்தப் புரதம் கெட்டிருக்கும். அளக்கும்போது வரும் எண் பொய்யாக இருக்கும். எந்த எண் பொய் என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைத்தேன்.

மிச்சம் பதிமூன்று ரேக். அதற்கு ஃப்ரீசர் சுவிட்ச் ஒன்று போதும். ஆனால் அதற்கு முன் ரிஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். ஜூலைக் கடைசியில் சீல் வைக்கிறார்கள். பிறகு மௌரீன் அக்கா படிக்கப் படிக்க நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அப்பாவின் பக்கத்தில் அவர் கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். 'சரியாக இருக்கிறது' என்ற அந்த வார்த்தையை. பார்த்த பிறகு சுவிட்ச். சரிபார்க்க மறுபடி அளக்க அவரிடம் ரத்தம் இருக்காது.

உன் சர்க்கரை எவ்வளவு என்று அடுத்ததில் எழுது.

சிந்து


மஸ்கட்,
30.5.1999

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதியது. நான் நலம். உங்கள் நலம் அறிய ஆசை.

பாப்பா, நீ செய்தது போதும். இருபத்து நாலு என்பது சின்ன விஷயம் இல்லை. மாட்டிக்கொண்டால் உன் படிப்பு என்ன ஆவது? ரிஜிஸ்டர் எல்லாம் எதற்கு? அந்தக் காலத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று யாருக்குத் தெரியும்? டாக்டர்கள் தங்களுக்குச் சாதகமாகத்தான் எழுதி வைப்பார்கள். அதைப் படித்து உன் மனசு கெடுவதுதான் மிச்சம். பழையதைக் கிளறாதே. வேலையை விட்டுவிடு. ஆனேக்கல்லில் கிருஷ்ணப்பா அண்ணனுக்குத் தெரிந்த காலேஜில் லெக்சரர் வேலை இருக்கிறதாம். நான் எழுதிக் கேட்கட்டுமா?

சீக்கிரம் பதில் போடு. அம்மாவிடம் இதையெல்லாம் பேசாதே.

சந்திரன்


பெங்களூர்,
20.7.1999

அண்ணா,

ஜூனில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தபால்காரரைப் பார்த்தால் வாசலுக்கு எழுந்து வருகிறாள்.

கேட்டதையே மறுபடியும் கேட்கிறேன். அன்று அறையில் யார் யார் இருந்தீர்கள்? டாக்டர் அப்பாவிடமே சொன்னாரா, உன்னிடமா? அப்பாவைக் கேட்டால், பக்கத்து ரூமில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், சந்திரன்தான் வெளியே வந்து சொன்னான் என்கிறார். "நல்லாக் கீதாம்பா, தாராளமா பூ மிதிக்கலாமாம்." உன் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார். சிரிக்கிறார்.

திங்கட்கிழமை ரிஜிஸ்டர்.

அம்மாவும் அப்பாவும் ஆசி சொல்கிறார்கள்.

சிந்து


பெங்களூர்,
14.8.1999

அண்ணா,

எல்லோரும் நலம்.

அப்பாவின் பக்கத்தைப் பார்த்தேன். நீ சொன்னபடியேதான் எழுதியிருக்கிறது. சுவிட்ச் யோசனையை விட்டுவிட்டேன். அலுத்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சிந்து


மஸ்கட்,
28.8.1999

என் அருமைத் தங்கை சிந்துவுக்கு, அண்ணன் சந்திரனின் அன்பு. நான் மிக நலம். நீங்கள் எல்லோரும் அதேபோல் இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று கேம்ப்பில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். தங்கச்சிக்கு மனசு சரியாயிடுச்சு என்றேன். நீ எடுத்த முடிவு நல்ல முடிவு பாப்பா. அந்த ஆளை ஆண்டவன் பார்த்துக்கொள்வான். நாம் ஏன் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும்?

ஜூன், ஜூலையில் வேலை ரொம்ப அதிகம். மொட்டை மாடியில் ஏறினால் மெஷின் அடுப்பு மாதிரி இருக்கும். அதனால்தான் எழுத முடியவில்லை. தப்பாக நினைக்காதே.

டிசம்பரில் இருபது நாள் லீவு கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு நல்ல வீல்சேர் ஒன்று இங்கே பார்த்து வைத்திருக்கிறேன். மடக்கி ஆட்டோவில் வைக்கலாம். உனக்கு என்ன வேண்டும்? கூச்சப்படாமல் எழுது.

ஒன்று கேட்க மறந்தேன். கொஞ்ச நாளாகப் பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது. பார்த்தால் எறும்பு இல்லை. பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. ஷூவால்தான் இருக்கும். உன் ஆராய்ச்சியில் இதற்கு ஏதாவது உண்டா?

அன்பு அண்ணன்
சந்திரன்


பெங்களூர்,
12.9.1999

அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். எனக்கு ஒன்றும் வேண்டாம்.

எறும்புக்கு என்ன அர்த்தம் என்று ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வா. லேபுக்கு வர வேண்டியதில்லை. வீட்டிலேயே நான் எடுக்கிறேன்.

உன் வருகைக்காக அம்மா நாள் எண்ணுகிறாள்.

சிந்து


மஸ்கட்,
22.1.2000

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதியது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். எல்லோரும் சௌக்கியம்தானே? வீல்சேர் சக்கரத்துக்கு மாதம் ஒரு முறை எண்ணெய் விடச் சொல்லு.

ரத்தம் எடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ரிசல்ட் வந்ததா? நல்லதோ கெட்டதோ ஒரு வரி எழுது. அன்று நீ என் கண்ணை மூடச் சொல்லி நைலான் நூலால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாயே, அதற்கும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாய். கேட்டால் ரத்தம் பார்த்தப்பறம் சொல்றேன் என்றாய். எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது.

சந்திரன்


மஸ்கட்,
3.2.2000

சிந்துவுக்கு,

நலமா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எனக்கும் ரிசல்ட் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ரூமுக்கு வந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸ் நனைந்திருந்தது. சிவப்பாக. ஷூ அடியைப் பார்த்தால் ஒன்றரை இஞ்ச் ஆணி உள்ளே ஏறியிருக்கிறது. காலையில் எங்கேயோ மிதித்திருக்கிறேன். நாள் பூரா அதன்மேல் நடந்திருக்கிறேன். நாலு மாடி ஏறி இறங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை பாப்பா.

மலையாளி கம்பவுண்டர் கட்டுப் போட்டான். டி.டி. ஊசி போட்டான். ஒன்றும் இல்லை என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்லாதே. உனக்கு மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து பதில் போடு.

அண்ணன்


பெங்களூர்,
24.2.2000

சந்திரன் அண்ணாவுக்கு,

இங்கே நலம். உன் கால் எப்படி இருக்கிறது?

உன் ரிசல்ட் ஜனவரி பதினேழாம் தேதி வந்துவிட்டது. அந்தப் புரதம் உனக்கு அதிகம். நாங்கள் அளந்ததில் உனக்கு மேலே நாலு பேர்தான் இருக்கிறார்கள். இந்தப் பரிசோதனை இன்னும் உறுதியாகாதது. அதை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். நைலான் நூலை வைத்துச் சொல்கிறேன். பத்து இடத்தில் தொட்டேன். நூல் பட்டால் 'ம்' சொல்லு என்றேன். நாலு முறைதான் சரியாகச் சொன்னாய். நான் தொடாதபோது மூன்று முறை 'ம்' என்றாய். யாரை ஏமாற்றினாய் என்று தெரியவில்லை. உன் பாத நரம்பு போய்க்கொண்டிருக்கிறது. வெறுங்காலில் ஒரு அடிகூட வைக்காதே. கம்பவுண்டர் போதாது. சர்ஜனிடம் போ. இதைக் கையில் வைத்துக்கொண்டு போ.

இதை ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று கேட்பாய்.

ஆகஸ்டில் நான் எழுதியது பொய். மௌரீன் அக்கா படித்தார், நான் டைப் செய்தேன். எண் அறுபத்தொன்று. ரங்கநாதன், வயது ஐம்பத்தாறு, பாய்லர் வேலை, பொம்மனஹள்ளி. தேதி நாலு, ஏழு, தொண்ணூற்றைந்து. இரண்டு பாதத்திலும் உணர்ச்சி இல்லை. தீ மிதிக்கப் போவதாக மகன் சொல்கிறார். கூடவே கூடாது, காலை இழப்பார் என்று மகனிடம் விளக்கப்பட்டது. பிறகு அக்கா ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். "அய்யய்யோ, இத்தப் பாரு சிந்து. இவ்ளோ தெளிவா சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கீறாரு. அந்த மவன் போய் அப்பன்கிட்ட சொன்னானா இல்லியா?"

தமிழ்க் கையெழுத்து. ச-வின் வாலை மேலே சுழித்து. என் ரேங்க் கார்டில் எல்லாம் அப்பாவுக்குப் பதில் நீ போட்ட அதே கையெழுத்து.

சொல்லியிருந்தால் அப்பா மிதித்திருக்க மாட்டார். வேண்டுதல் நின்றால் விசா நின்றுவிடும் என்று பயந்தாய். இல்லையென்று எழுதாதே.

மே மாதம் நான் உருகவிட்ட இருபத்து நாலில் அறுபத்தொன்றும் இருந்தது. அந்த நாள் ரத்தம் அப்பாவிடம் இனி கிடையாது. என் கையால் கெடுத்தேன். யாருக்காக என்று யோசித்துப் பார். நேற்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய மகள் என்பதையும். அவர் கன்னடத்தில், உங்கள் அப்பா இப்போது எப்படி நடக்கிறார் என்று கேட்டார். திட்டியிருக்கலாம். திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்றார். மௌரீன் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை நாலிலிருந்து அந்த ஆடி வெள்ளி வரை முப்பத்தெட்டு நாள். அத்தனை நாளும் நீ அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டாய். அவருக்குக் காப்புக் கட்டும்போது பக்கத்தில் நின்றாய். தினமும் ஒரு முறையாவது அந்த வார்த்தை உன் வாய்வரை வந்திருக்கும். விழுங்கினாய். அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். நீயும் மறுபக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். ஜனவரி பதினேழிலிருந்து இன்றைக்கு முப்பத்தெட்டு.

ஆணிக் கடிதம் இருபத்தெட்டாவது நாள் வந்தது. இரண்டு முறை படித்தேன். நம் தெருமுனையில் ஐ.எஸ்.டி. பூத் இருக்கிறது. போகவில்லை. பத்து நாள் அதைக் கடந்து பஸ்ஸுக்குப் போனேன். உன்னை மன்னிக்கும்படி கேட்காதே. நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நீ வாங்கிக் கொடுத்த வீல்சேரைத் தெருவில் எல்லோருக்கும் காட்டுகிறார். அவரிடம் சொல்வது உன் வேலை. ஜூன் மாதத்துக்குள் நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

சிந்து


சிந்து கடிதத்தை அன்று காலையே பதிவுத் தபாலில் சேர்த்தாள். மஸ்கட்டுக்குப் பதினோரு நாள் ஆகும் என்றார் கவுன்டரில் இருந்தவர். அவள் எண்ணியது முப்பத்தெட்டு நாள்தான்; இந்தப் பதினோரு நாள் அதில் சேராது. தெருமுனை பூத்துக்குப் போனாள். கேம்ப் நம்பரைச் சொல்லிக் காத்திருந்து, சந்திரனைக் கூப்பிடச் சொன்னாள். அவன் வந்து ஹலோ என்றதும், ரிசல்டைச் சொன்னாள். கட்டை அவிழ்த்து இரண்டு உள்ளங்காலையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு வா என்றாள். அவன் திரும்பி வரும்வரை ரிசீவரை வைக்கவில்லை.